கோரை எண்ணிய ஆடி

வீட்டுப் புல்தரையில் கோரை முளைத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று நம் வயதுக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற பிறகு வாசலில் பத்தடிக்குப் பத்தடி புல் வளர்ப்பது நம்மிடையே ஒரு தொற்றுநோய் போலப் பரவிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோரையைக் கையால் இழுக்காதீர்கள். இழுத்தால் தண்டு மட்டும் வரும். அடியில் நிலக்கடலைப் பருப்பு அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு இருக்கும். அதிலிருந்து நூல் போல ஒரு வேர் ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து மற்றொன்று. மேலே ஒன்றைப் பறித்தால் கீழே உறங்குகிறவை எல்லாம் விழித்துக்கொள்ளும். களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டி, சரடோடு எடுக்க வேண்டும்.

இதை நான் முதலில் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினோரு வயதில், ஆனி நடுவிலிருந்து ஆவணி வரை, எங்கள் வீட்டுப் புல்தரையில் முளைத்த கோரையை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். நாள், கிழமை பிசகாமல் குறிப்பு எழுதுகிறவள் என்று நீங்கள் எல்லோரும் என்னைச் சொல்வதால் இதையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுதிய முதல் குறிப்பேடு அதுதான். அதில் ஒரே ஒரு வாரம் மட்டும் உண்மை.

அப்போது நாங்கள் புதுக்கோட்டையில் இருந்தோம். அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் அதிகாரி. வீட்டுக்கு முன்னால் முப்பதடிக்கு இருபதடி இடத்தில் முன்பு குடியிருந்தவர் வைத்த புல்தரை ஒன்று இருந்தது. சொறிநாய் முதுகு மாதிரி அங்கங்கே புல், மற்ற இடமெல்லாம் செம்மண் சரளை. ஓரமெல்லாம் குப்பைமேனி. நடுவில் நெருஞ்சி படர்ந்து மஞ்சளாய்ப் பூத்திருக்கும். செருப்பில்லாமல் ஓடினால் உள்ளங்காலில் ஏழெட்டு முள்ளோடு திரும்புவோம். எங்களுக்கு அது பழகியிருந்தது. அப்பாவுக்கும் அதைப் பற்றிக் கவலை இருக்கவில்லை, அந்தச் சித்திரையில் திருச்சிக்குப் போய் மேலதிகாரியின் பங்களாவைப் பார்த்து வரும் வரை.

மேலதிகாரியின் வீட்டுப் புல்தரையைப் பற்றி அப்பா மூன்று நாள் பேசினார். வெறுங்காலோடு நடந்தால் ஈரத் துணிமேல் நடப்பதுபோல் இருந்ததாம். போதாதென்று மேலதிகாரியே சிரித்துக்கொண்டு, "புல்லு தர்றேன், கொண்டு போய் வைங்க. ஆவணியில சித்தன்னவாசல் பாக்க வர்றோம். அப்படியே உங்க வீட்டு லானையும் பாக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். இதை அப்பா ஓர் அரசு ஆணையாகவே எடுத்துக்கொண்டார்.

வேலைக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்தக் காலத்து அதிகாரி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் தினக்கூலிக்கு இருப்பவர் பாதி நாள் அதிகாரி வீட்டில் தண்ணீர் சேந்துவார், மாவு அரைத்து வருவார், தோட்டம் கொத்துவார். அவர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஊர். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "ஆள்". "ஆள் வந்தாச்சா?", "ஆளுக்கு மோர் குடு." மோர் கொடுக்கும் அலுமினியத் தம்ளர் சுற்றுச்சுவர் மேல் கவிழ்ந்தே இருக்கும். உள்ளே வராது. இப்போது எழுத உட்காரும்போதும் அவருக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்க அப்பா எழுதித் தர வேண்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. அலுவலகப் பதிவேட்டில் இருந்த பிறந்த தேதிப்படி அவருக்கு அந்த வருடம் புரட்டாசி வரைக்கும்தான் அவகாசம். அதற்குப் பிறகு எத்தனை வருடம் உழைத்தாலும் தினக்கூலிதான். வந்த முதல் நாளே அப்பா சொல்லிவிட்டார்: "லான் நல்லா வரட்டும். ஆபீசர் வர்ற அன்னைக்கே நேர்ல சொல்லி முடிச்சுத் தர்றேன்."

"அதுக்கென்னங்கய்யா, பாய் விரிச்ச மாதிரி ஆக்கிப்புடுவோம்" என்றார் அவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பாவிடம் பேசுவார்.

சித்திரை பாதியிலிருந்து வைகாசி பாதி வரை அவர் ஒற்றை ஆளாக அந்த இடத்தை ஓரடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினார். சரளையைச் சலித்துக் கூடை கூடையாக வெளியே கொட்டினார். நெருஞ்சி வேரைக் காயவைத்துக் கொளுத்தினார். சலித்த மண்ணை வெயிலில் போட்டுவைத்தார். அடுத்தது மேல்மண். அங்கேதான் தவறு நடந்தது. செய்தது அப்பா.

கண்மாய் வற்றிக் கிடந்த நேரம். வண்டல் மண் போட்டால் எதுவும் விளையும் என்பது எங்கள் ஊரில் பாலர் பாடம். அப்பா நான்கு வண்டி வண்டலுக்குச் சொல்லிவிட்டார். முதல் வண்டி வந்து கொட்டியதும் ஆள் குனிந்து ஒரு கை அள்ளி விரலால் கிளறிப் பார்த்தார்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கம்மா மண்ணு வேணாங்கய்யா. கோரைக் கெழங்கு கெடக்கு. இந்தா பாருங்க."

"நெல்லு வெளையுற மண்ணுய்யா இது."

"நெல்லு வயல்ல தண்ணி நிக்கும்ங்க, கோரை அமுங்கிக் கெடக்கும். இங்கிட்டு மேட்டுல போட்டா அம்புட்டும் கெளம்பிரும். ஆத்து மணலும் மக்குன சாணியும் போதும்ங்கய்யா."

"நீ வேலை பாக்க வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

வண்டிக்காரர் சிரித்தார். ஆளும் சேர்ந்து சிரித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். நான்கு வண்டியும் பரப்பப்பட்டது. கல் உருளையை இழுத்துச் சமன் செய்தார். உருளையின் மரச்சட்டத்தில் நானும் அண்ணனும் ஏறி உட்கார்ந்துகொண்டோம். "பாரம் கூட இருந்தா மண்ணு நல்லா இறுகும்" என்று அண்ணன் நியாயம் சொன்னான். அவர் எங்கள் இருவரையும் சேர்த்தே இழுத்தார்.

ஆனி முதல் வாரம் திருச்சியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிப் புல் வந்தது. கணுக்கணுவாகக் கிள்ளி, இரண்டு விரற்கடை இடைவெளியில், குத்துக்காலிட்டு அவர் நட்டு முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. நடந்துகொண்டே பூவாளியில் தண்ணீர் விடுவார். அந்த ஈர மண் வாசனையை இன்றைக்கும் எங்காவது முகர்ந்தால் என் விரல் முட்டிகள் கூசும். ஏன் என்று பின்னால் வருகிறது.

கடைசி வரிசை நட்டு முடித்த அன்றே முதல் வரிசையில் ஊசி ஊசியாகக் கோரை நின்றது.

அப்பாவுக்கு இது மண்ணால் வந்தது என்று தோன்றவே இல்லை. கவனக்குறைவு என்றுதான் தோன்றியது. முளையடித்துக் கயிறு கட்டித் தரையை மூன்று பங்காகப் பிரித்தார். அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு மடங்கு அகலத்தில் ஒன்று. "பிள்ளைங்களுக்கும் உழைப்போட அருமை தெரியணும்" என்றார். பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்த பின்னும் அவரவர் பங்கில் கோரை எடுக்க வேண்டும். எடுத்த தண்டையெல்லாம் பொதுவான ஒரு கூடையில் போட வேண்டும். யார் பங்கில் எத்தனை என்று தினமும் நோட்டில் பதிய வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அப்பா கூடையைச் செய்தித்தாளில் கவிழ்த்து, கீரைக்கட்டு மாதிரி பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவார். நோட்டின் கூட்டுத்தொகையும் கோரையும் ஒத்துப்போக வேண்டும்.

அடியோடு எடுத்தால் மறுபடி முளைக்காது, எண்ணிக்கை கூடினால் அது எடுத்தவர் குற்றம் என்பது அப்பாவின் கணக்கு. எனக்கும் அண்ணனுக்கும் வாரத்துக்கு ஐந்து கோரை வரை மன்னிப்பு. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் விரல் முட்டியில் ஓர் அடி. பித்தளை விளிம்பு வைத்த அடிக்கோலால்.

முதல் ஞாயிறு: அண்ணன் பத்தொன்பது, நான் இருபத்துமூன்று, ஆள் முப்பத்தொன்று. அண்ணனுக்குப் பதினான்கு அடி. எனக்குப் பதினெட்டு. பன்னிரண்டாவது அடியோடு நான் கையை இழுத்துக்கொண்டதால் அந்த ஒன்று மறுபடி. ஆள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "அய்யா, புள்ளக்கி வலிக்கும்ங்கய்யா" என்று ஒருமுறை சொன்னார். அப்பா திரும்பிப் பார்த்ததும் குனிந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை கிணற்றடியில் அண்ணன் என்னிடம் கேட்டான்.

"மொத்தம் சரியா இருந்தாப் போதும்ல?"

"ஆமா."

"யாரு பங்குலேருந்து வந்துச்சுன்னு கோரையில எழுதியா இருக்கு?"

எனக்குப் புரிந்தது. "பாவம்ல?" என்றேன்.

"அவருக்கு அடியா விழப் போவுது? திட்டுதான விழும். திட்டு வலிக்காது."

பதினோரு வயதுக்கு அது நல்ல வாதமாகத்தான் இருந்தது. இரண்டாம் ஞாயிறு என் கையெழுத்தில்: அண்ணன் மூன்று, நான் இரண்டு, ஆள் எழுபத்தொன்று. அப்பா எண்ணினார். கூட்டுத்தொகை எழுபத்தாறு, மிகச் சரியாக இருந்தது.

"ஏன்யா, பச்சப் புள்ளைங்களால முடியுது. ஒனக்கு என்ன கேடு வந்துச்சு? எழுபத்தொன்னு!"

"அடியோடதாங்கய்யா எடுக்குறேன்..."

"எழுத்துல இருக்குய்யா. வாய்ப்பேச்சு எங்கிட்ட வேணாம்."

அம்மாவுக்குத் தெரியும். அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் மூன்று பங்கும் தெரியும். நான் நோட்டோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் பின்னால் வந்து நின்று, "உன் பங்குல ரெண்டுதானாடி?" என்று கேட்டாள். நான் நோட்டை மூடினேன். என் விரல் முட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். "எழுது, எழுது. அடி வாங்காம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைத் தாயன்பு மிக்கவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

ஆடிக் காற்று தொடங்கியது. செம்மண் புழுதி வந்து இளம்புல்மேல் படியும். அவர் பூவாளியால் கழுவிவிடுவார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் எங்கள் பங்கையும் அவரே சுத்தம் செய்துவைக்க ஆரம்பித்தார். ஒருநாள் மதியம் வயிற்றுவலி என்று நான் சீக்கிரம் வந்துவிட்டபோதுதான் பார்த்தேன், என் பங்கில் குந்தியிருந்தார்.

"ஒங்கைய்யி வீங்கிப் போயிருந்துச்சே பாப்பா. அதான் நாலு எடுத்துப் போட்டேன். அய்யாட்ட சொல்லிப்புடாத."

அன்று எடுத்ததையும் அவர் பங்கில்தான் எழுதினேன். அவர் எடுத்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதாக ஞாபகம். அதற்குப் பிறகு அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை.

அவருக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுதான். நான் எழுதுவதை நின்று பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். ஒருமுறை மூன்றாவது கட்டத்தின் தலைப்பைக் காட்டி, "இதா எம்பேரு?" என்று கேட்டார். அங்கே "ஆள்" என்று இருந்தது.

"ஆமா" என்றேன்.

"இம்புட்டுத்தானா? நீளமா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். தள்ளி நின்ற அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். அன்று இரவு சாப்பாட்டில் அதைச் சொல்லி நாங்கள் நால்வருமே சிரித்தோம்.

ஆடிப்பெருக்கு கழிந்த மறு வாரம் அவர் என்னிடம் கேட்டார்: "பாப்பா, எம்பங்குல மட்டும் அம்புட்டு எப்புடி வருது? நான் எண்ணுனா நாப்பதைத் தாண்ட மாட்டேங்குதே."

"எண்ணித்தான் எழுதுறேன்."

"அதுவும் சரிதான். நீ படிச்ச புள்ள. எனக்குத்தான் எண்ணிக்கை தப்புது போல."

ஆவணி இரண்டாம் ஞாயிறு மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை மாலை அப்பா ஒரு யோசனை செய்தார். தோண்டினால் குழி தெரியும், அதனால் கோரையைப் புல் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுவது. ஆள் தையல் கத்தரிக்கோலால் இருட்டும் வரை நறுக்கினார். அந்தி வெளிச்சத்தில் தரை நிஜமாகவே பாய் விரித்ததுபோல் இருந்தது. அம்மாகூட வாசலுக்கு வந்து பார்த்தாள். ஆனால் கோரை புல்லைப் போல நிதானமாக வளர்வதில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அது புல்லுக்கு மேல் இரண்டு விரற்கடை நிமிர்ந்து நின்றது. வெட்டுப்பட்ட நுனியெல்லாம் மஞ்சள்.

மேலதிகாரியும் மனைவியும் சித்தன்னவாசலில் ஏறி இறங்கிக் களைத்து வந்தார்கள். நாற்காலிகள் புல்தரையில் போடப்பட்டிருந்தன. உட்காருமுன் மேலதிகாரி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"என்ன சார், பாய் முடையுற யோசனையா?"

அவர் மனைவி சிரித்தார். அம்மாவும் முறுக்குத் தட்டோடு சிரித்தாள். அப்பாவின் காது மடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன். அடி விழுந்த ஞாயிறன்று நான் பார்த்த அதே நிறம்.

"என்ன பண்றது சார், ஆள் சரியில்ல. ஏய், இங்க வாய்யா."

அவர் புல்மேல் கால் வைக்காமல் சரளை ஓரத்தில் வந்து நின்றார். அன்றைக்கென்று வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. அன்றைக்குத்தானே அவருக்கு நல்ல செய்தி.

"சார் கேக்குறார்ல, பதில் சொல்லு."

"அய்யா, அந்தக் கம்மா மண்ணுலதாங்க..."

"மண்ணு மேல பழியப் போடாத. பாப்பா, நோட்டை எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன். படிக்கச் சொன்னார். முதல் பக்கத்தில் அந்த உண்மையான வாரம் இருந்தது, பத்தொன்பதும் இருபத்துமூன்றும் முப்பத்தொன்றும். அதைத் தாண்டி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனி நான்காம் வாரம். அண்ணன் மூன்று. நான் இரண்டு. ஆள் எழுபத்தொன்று. ஆடி முதல் வாரம். அண்ணன் நான்கு. நான் மூன்று. ஆள் எண்பத்தாறு. ஆடி இரண்டாம் வாரம். அண்ணன் இரண்டு. நான் ஒன்று. ஆள் நூற்றிரண்டு."

மேலதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். "முத்து முத்தா எழுதியிருக்காளே" என்று மனைவியிடம் காட்டினார். பிறகு அவரைப் பார்த்து, "இதுக்கு என்னய்யா சொல்ற?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கலாம். இந்தப் புள்ள பொய் எழுதியிருக்கு என்று. சொன்னால் அன்றைக்கு என் கை என்ன ஆகும் என்பது விருந்தாளிகளைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பாப்பா எழுதுனா சரியாத்தாங்கய்யா இருக்கும். எனக்குத்தான் கண்ணு மட்டுப்படல போல."

மேலதிகாரி அப்பா பக்கம் திரும்பினார். "கண்ணு தெரியாதவரையா பர்மனென்ட் பண்ணலாம்னு போன வாரம் போன்ல கேட்டீங்க?"

"இல்ல சார்" என்றார் அப்பா. "நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான். காபி வந்தது. எனக்கு மேலதிகாரியின் மனைவி ஒரு சாக்லெட் கொடுத்தார். அண்ணன் பாதி கேட்டான். கொடுத்தேன்.

அப்பா சாகும் வரை இதை ஒரு கதையாகச் சொல்வார். நல்ல மண், நல்ல புல், மேற்பார்வை எல்லாம் இருந்தும் கண் சரியில்லாத ஓர் ஆளால் எப்படிக் கெட்டது என்று. வண்டலை அவர் கடைசி வரை சந்தேகிக்கவில்லை. அண்ணனிடம் சில வருடங்களுக்கு முன் கேட்டேன். அடிக்கோல் ஞாபகம் இருக்கிறதாம், அந்த ஆள் ஞாபகம் இல்லையாம். நோட்டு ஏதோ ஒரு மாற்றலில் போய்விட்டது.

மறு ஞாயிறு காலை, இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும், அவர் வந்தார். முகத்தில் ஒரு கண்ணாடி. கறுப்பு விளிம்பு, ஒரு பக்கக் காது வளைவுக்குப் பதில் நூல். சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியிருக்கிறார். யாருடையதோ. கண்கள் அதற்குள் பெரிதாக, மீன் தொட்டியில் இருப்பவைபோல் தெரிந்தன.

"அய்யா, இப்ப நல்லாத் தெரியுதுங்கய்யா. எடுத்துக் காட்டுறேன், பாருங்க. பொரட்டாசிக்கு இன்னும் நாளு இருக்குல்லங்க."

அப்பா வராந்தாவில் நின்றார். "எடு, பாப்போம்" என்றார்.

அவர் புல்தரையில் மண்டியிட்டார். கையை நீட்டியபோது தரை எங்கே என்று தெரியாமல் விரல் காற்றில் தடவியது. பிறகு ஒன்றைப் பிடுங்கினார். புல். அடுத்ததும் புல். பக்கத்திலேயே கோரை நின்றது. நல்ல கண்ணோடு அவர் இரண்டு மாதம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்த கோரை. அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைத்து எழுதப் போவதில்லை. அவர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, கோரை என்று நினைத்து வரிசையாக அடுக்கினார்.

"பாத்தியாடா? இதத்தான் சொன்னேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். அண்ணனும் போனான். நான் நோட்டோடு படியில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

அப்பா போய்விட்டதைக் காலடிச் சத்தத்தில் தெரிந்துகொண்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டியிட்ட இடத்திலிருந்தே தரையை ஒருமுறை பார்த்தார். கயிற்றைத் தாண்டி எட்டி, மண்ணுக்குள் விரலை நுழைத்து, மெல்ல, ஒரு கோரையைக் கிழங்கோடு, அதன் சரடோடு, அடுத்த கிழங்கோடு எடுத்தார். அறுபடவே இல்லை. எழுந்து வந்து படியில் என் பக்கத்தில் வைத்தார்.

"இது ஒம் பங்குல இருந்துச்சு பாப்பா" என்றார். "எழுதிக்க."

கோபமாகச் சொன்னாரா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இல்லை. மோர் வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் பேனாவைத் திறந்து, நாளும் கிழமையும் போட்டு, அதையும் மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்.